மிஸ்மெட்ச்: எதற்கும் எதற்கும் இடையில்?

பொகவந்தலாவைப் பக்கமிருந்து வாசகி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்.

"வணக்கம் சேர். எங்கள் அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். ஊழியர் சேமலாப நிதிக்கு, அதுதான் ஈபிஎஃப், கொடுத்த விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. மேலே குத்தியிருந்த சின்னத் தாளில் 'நேம் மிஸ்மெட்ச்' என்று இரண்டே சொல். அகராதியைப் பார்த்தால் 'பொருந்தாத இணை, பொருந்தா மணம்' என்று இருக்கிறது. அம்மாவின் பெயருக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்? 'மை மதர்ஸ் நேம் இஸ் அன்மெட்ச்ட்' என்று பதில் எழுதி வைத்திருக்கிறேன், சரிதானா? இன்னொரு விஷயம். நான் ஆசிரியை. எனக்குப் பேசியிருப்பவர் தேயிலைத் தொழிற்சாலையில் மின்சார வேலை பார்க்கிறார். வத்தளையில் இருக்கும் அத்தை அவருடைய படத்தைப் பார்த்துவிட்டு 'இட்ஸ் எ மிஸ்மெட்ச்' என்றார். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு. இது திட்டுகிற சொல்லா, சாதாரணச் சொல்லா? எங்கே, எப்படிப் பயன்படுத்துவது?"

தங்கச்சி, கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லையே? போட்டுவிடாதீர்கள். 'அன்மெட்ச்ட்' என்றால் நிகரில்லாத, ஒப்பற்ற என்று அர்த்தம். "என் அம்மாவின் பெயர் ஒப்பற்றது" என்று தொழில் அலுவலகத்துக்கு எழுதியதாகிவிடும். மகளாக நீங்கள் அப்படி நினைப்பதில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் அதற்காக அவர்கள் காசு விடுவிக்க மாட்டார்கள். 'மெட்ச்லெஸ்' என்பதும் அதே குடும்பம்: ஈடு இணையற்ற. கணக்குப் பார்க்கிறவர்கள் சோடி கிடைக்காத பதிவை 'அன்மெட்ச்ட்' என்று சொல்வதுண்டு. அது அவர்களுடைய தொழில் பேச்சு. நீங்கள் அதை நம்பிக் கடிதத்தில் இறங்க வேண்டாம்.

இந்தச் சொல்லில் இருக்கும் 'மிஸ்', பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உங்களைக் கூப்பிடும் 'மிஸ்' இல்லை. பஸ்ஸை 'மிஸ்' பண்ணுகிறோமே, அதுவும் இல்லை. அவை இரண்டிலும் 'எஸ்' இரண்டு. இது ஒற்றை 'எஸ்' கொண்ட முன்னொட்டு, தவறாக அல்லது பிசகாக என்று பொருள் தரும். மிஸ்பிரிண்ட், மிஸ்லீட், மிஸ்அண்டர்ஸ்டாண்ட் எல்லாம் இந்த வகைதான். நடுவில் இடைவெளியோ கோடோ இல்லாமல் ஒரே சொல்லாக எழுத வேண்டும்.

'மெட்ச்' என்றதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது கிரிக்கெட், இல்லாவிட்டால் நெருப்புக்குச்சி. நெருப்புக்குச்சி 'மெட்ச்' வேறு வேரில் பிறந்தது. விளக்குத் திரியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நமக்கு வேண்டிய 'மெட்ச்' பழைய ஆங்கிலத்தில் துணை, இணை, கணவன் அல்லது மனைவி என்று பொருள்பட்ட ஒரு சொல்லின் வழி வந்தது. உங்கள் அகராதி கல்யாணத்தை இழுத்தது அதனால்தான். அம்மாவின் பெயரில் யாரும் கல்யாணத்தைத் தேடவில்லை. சேர வேண்டிய இரண்டு சேரவில்லை என்று மட்டும்தான் அந்தத் தாள் சொல்கிறது.

கோயில் வாசலில் நடப்பதைப் பாருங்கள். பூசை முடிந்து கூட்டத்தோடு வெளியே வந்து, அவசரத்தில் காலை நுழைத்துக்கொண்டு நடந்தால், இடது நம்முடையது, வலது வேறு யாருடையதோ. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். "சோடி மாறிவிட்டது" என்போம். அந்த இரண்டு செருப்பில் எதுவும் அறுந்ததில்லை, எதுவும் மட்டமில்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல செருப்பு. குறை எந்தச் செருப்பிலும் இல்லை, சேர்த்ததில் இருக்கிறது. மிஸ்மெட்ச் என்பதற்கு நான் கொடுக்கும் முதல் அர்த்தம் இதுதான்: சோடி மாறியது, சோடி சேராதது.

ஆகவே ஒற்றைப் பொருளையோ ஒற்றை ஆளையோ பார்த்து இந்தச் சொல்லைச் சொல்ல முடியாது. எப்போதும் இரண்டு பக்கம் வேண்டும். ஆங்கிலத்தில் 'எ மிஸ்மெட்ச் பிட்வீன்' இது 'அண்ட்' அது என்றுதான் வாக்கியம் நிறையும். சொல்பவர் பின்பாதியை விழுங்கிவிட்டாலும் அதற்கான இடம் அங்கே காலியாக இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்த இரண்டு மிஸ்மெட்ச்சிலும் அந்தப் பின்பாதி இல்லை. தாளிலும் இல்லை, அத்தை வாயிலும் இல்லை. குழப்பம் முழுவதும் அங்கேதான்.

முதலில் அம்மாவின் விஷயம், காசு சம்பந்தப்பட்டது.

அம்மாவின் பெயரை இங்கே போட மாட்டேன். லெட்சுமி என்று வைத்துக்கொள்வோம். மலையகத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு லெட்சுமி அக்கா மேல்தான் விழ வேண்டும். இந்தப் பெயரை ஆங்கிலத்தில் எல்-ஈ-டி-சி-எச்-யூ-எம்-ஐ என்று எழுதுவார்கள். கடைசியில் ஐ போய் வை வரும். இன்னொருவர் டியை விட்டுவிடுவார். நகரத்து ஆங்கிலம் தெரிந்த கிளார்க் என்றால் 'சரியாக' எழுதுவதாக நினைத்து எல்-ஏ-கே-எஸ்-எச்-எம்-ஐ என்று மாற்றியே விடுவார். நாலு எழுத்துக்கூட்டும் ஒரே அம்மாதான். தோட்டத்து ஆட்களின் பெயர் பதியும் செக்ரோலில் ஒன்று, வேலைக்குச் சேர்ந்தபோது சேமலாப நிதிக்காக நிரப்பிய பீ கார்டில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று என்று இருந்தால், கணினிக்கு அது மூன்று பெண்கள்.

எழுத்துக்கூட்டைவிடப் பெரிய வில்லங்கம் முதலெழுத்து. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான். பெருமாள் மகள் லெட்சுமி கல்யாணத்துக்கு முன் பீ. லெட்சுமி. ராமையாவைக் கட்டிய பிறகு சில பதிவுகளில் ஆர். லெட்சுமி. பிறப்புச் சான்றிதழ் தகப்பனைச் சொல்லும், தோட்டத்துப் பதிவு புருஷனைச் சொல்லும். குடும்பப் பெயர் எழுதச் சொல்லும் கட்டம் வந்தால், அதற்குள் அன்றைக்கு நிரப்பியவர் மனதில் பட்டதைப் போட்டிருப்பார். மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. பதிவில் லெட்சுமி, லயத்தில் எல்லாரும் கூப்பிடுவது பாப்பாத்தி, செக்ரோலில் ஏறியதும் பாப்பாத்தி. கங்காணி வாயில் என்ன வந்ததோ அதைக் கணக்கப்பிள்ளை எழுதியிருப்பார். அந்தக் காலத்தில் இதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை, பெயருக்குச் சொந்தக்காரி உட்பட.

இந்த மூன்றையும் அலுவலகம் 'நேம் மிஸ்மெட்ச்' என்ற ஒரே பெயரில் அழைக்கும். ஆனால் தீர்க்கும் வழி ஒன்றில்லை. அதனால் முதல் வேலை, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் "எந்தப் பத்திரத்தில் உள்ள பெயருக்கும் எந்தப் பத்திரத்தில் உள்ள பெயருக்கும்?" என்று கேட்பது. அவர்கள் காட்டும் இரண்டையும் எழுத்துக்கு எழுத்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். வெறும் எழுத்துக்கூட்டு வித்தியாசம் என்றால், வழக்கமாக ஒரு சத்தியக் கடதாசியும் கிராம உத்தியோகத்தரின் உறுதிக் கடிதமும் கேட்பார்கள். சத்தியக் கடதாசியைச் சமாதான நீதவான் முன்னால் செய்யலாம். முதலெழுத்து மாறியிருந்தால் விவாகச் சான்றிதழும் சேர வேண்டும், ஏனென்றால் தகப்பன் பெயரிலிருந்து புருஷன் பெயருக்கு வந்த பாதையைக் காட்டுவது அதுதான். பெயரே வேறு என்றால் தோட்ட நிர்வாகத்தின் கடிதமும் வேண்டிவரும், கொஞ்சம் அலைய நேரிடும். பிறப்புச் சான்றிதழே இல்லாமல் உத்தேச வயதுச் சான்றிதழை வைத்திருக்கும் அம்மாமார் நம் பக்கம் நிறையப் பேர். உங்கள் அம்மாவும் அப்படியென்றால் அதன் பிரதியையும் எடுத்துப் போங்கள்.

அப்புறம் அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தும் இருக்கும். புதிய இலக்கம் 12. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு மாதிரித் தெரியும், சிலர் பதறிப் போகிறார்கள். பழையதில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடத்தின் கடைசி இரண்டு. புதியதில் வருடம் முழுதாக வரும். அடுத்த மூன்று இலக்கம் வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருப்பார்கள். அதற்குப் பிறகு புதியதில் ஒரு பூச்சியம் நுழையும், மிச்சம் அப்படியே. எழுத்து மட்டும் கழன்றுவிடும். இதை மிஸ்மெட்ச் என்று சொல்லக்கூடாது. ஒரே இலக்கத்தின் பழைய உருவமும் புதிய உருவமும்தான். யாராவது கேட்டால் இந்தக் கணக்கை அங்கேயே போட்டுக் காட்டுங்கள்.

கடிதம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. அரசாங்க அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. மொழிபெயர்ப்பைத் தொழிலாகச் செய்கிற நானே இதைச் சொல்கிறேன், என் வருமானத்துக்கு இது நல்லதில்லை. இருந்தாலும் ஆங்கிலத்திலேயே எழுத விரும்பினால், இரண்டு வாக்கியம் போதும்: "தெயார் இஸ் எ மிஸ்மெட்ச் பிட்வீன் த நேம் இன் மை மதர்ஸ் நெஷனல் ஐடென்டிட்டி கார்ட் அண்ட் த நேம் இன் ஹர் ஈபிஎஃப் ரெக்கோர்ட்ஸ். போத் நேம்ஸ் ரெஃபர் டு வன் அண்ட் த சேம் பேர்சன்." முதல் வாக்கியத்தில் இரண்டு பக்கமும் வந்துவிட்டது. இரண்டாவதுதான் உங்களுக்கு வேண்டிய காரியம்: இரண்டு பெயரும் ஒரே ஆளையே குறிக்கின்றன. இதற்குக் கீழே இரண்டு பெயரையும் அந்தந்தப் பத்திரத்தில் இருக்கிறபடியே எழுதிவிடுங்கள். "மை மதர் மிஸ்மெட்ச்ட் ஹர் நேம்" என்று எழுதிவிடாதீர்கள். அம்மாவே பெயரை மாற்றிச் சேர்த்தார் என்றாகி, இல்லாத பழியைத் தலையில் போட்டுக்கொள்வீர்கள்.

தமிழில் எழுதினால் என்ன சொல் போடுவது என்று கேட்பீர்கள். "பெயர் வேறுபாடு" போடுங்கள். சில படிவங்களில் "பெயர் முரண்பாடு" என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. முரண்பாடு என்றால் ஒன்று மெய், மற்றது பொய் என்ற தொனி வந்துவிடும். அதைப் படிக்கும் அம்மாமார் தாங்கள் ஏதோ பொய் சொல்லிப் பிடிபட்டதுபோலக் கூனிக் குறுகிப் போகிறார்கள். பொகவந்தலாவை மலையில் அட்டைக்கடியோடு கொழுந்தெடுத்து, சம்பளத்தில் நூற்றுக்கு எட்டு விட்டுக்கொடுத்து, தோட்டத்துப் பங்கான நூற்றுக்குப் பன்னிரண்டும் சேர்ந்த காசு அது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தரும் உரிமை. 50 வயதில் பெண்கள் அதைக் கேட்டு வாங்கலாம். எழுத்துக்கூட்டு மாறியதற்காக யாரும் தலைகுனியத் தேவையில்லை.

இனிச் சொல்லின் பயன்பாட்டைப் பார்ப்போம். வகுப்பில் உங்களுக்கும் உதவும்.

பெயர்ச்சொல்லாக வந்தால் 'மிஸ்' மேல் அழுத்தம், வினையாக வந்தால் 'மெட்ச்' மேல். பெயர்ச்சொல் எண்ணக்கூடியது: எ மிஸ்மெட்ச், டூ மிஸ்மெட்சஸ். வினையாகப் பேச்சில் அதிகம் வராது. வந்தால் பெரும்பாலும் 'மிஸ்மெட்ச்ட்' என்று அடைமொழியாகத்தான்: மிஸ்மெட்ச்ட் சொக்ஸ், மிஸ்மெட்ச்ட் கப்ஸ். சாரிக்கும் சட்டைக்கும் நிறம் சேராவிட்டால் "த ப்ளவுஸ் டஸ் நொட் மெட்ச் த சாரி" என்பது இன்னும் எளிது. சந்தேகம் வரும் இடங்களில் எல்லாம் இந்த 'டஸ் நொட் மெட்ச்' உங்களைக் காப்பாற்றும்.

அக்கம்பக்கத்துச் சொற்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 'மிக்ஸ்-அப்' என்றால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று மாறிப்போனது. உங்கள் அம்மாவின் கோப்பு வேறொரு லெட்சுமியின் கோப்போடு கலந்துவிட்டால் அது மிக்ஸ்-அப். 'டிஸ்க்ரெபன்சி' கணக்கிலும் அறிக்கையிலும் வரும் கனமான சொல்: புத்தகத்தில் 40 கிலோ, தராசில் 37 கிலோ. கொழுந்து நிறுக்கும் இடத்தில் இதை எல்லாரும் அனுபவித்திருப்போம், ஆங்கிலப் பெயர்தான் தெரியாது. 'மிஸ்ஃபிட்' பொல்லாத சொல். கூட்டத்தோடு ஒட்டாத ஒரு ஆளைக் குறிக்கும். மிஸ்மெட்ச்சுக்கு இரண்டு பக்கம் வேண்டும் என்றேனே, மிஸ்ஃபிட்டுக்கு ஒரே ஆள் போதும், குறையும் அவர் தலையில்தான் விழும். ஆகவே யாரையும் அப்படிச் சொல்லுமுன் யோசியுங்கள்.

விளையாட்டில் மிஸ்மெட்ச் என்றால் ஒருதலைப்பட்சமான போட்டி. 2007 உலகக் கிண்ணத்தில் இலங்கை 321 ஓட்டங்கள் எடுத்தது. எதிரே ஆடிய பெர்முடா 78க்குச் சுருண்டது. அப்படிப்பட்ட ஆட்டத்தை ஆங்கிலப் பத்திரிகைகள் மிஸ்மெட்ச் என்று எழுதும். பெர்முடாக்காரர்களுக்கு ஆடத் தெரியாது என்று அதற்கு அர்த்தமில்லை. அந்த இரண்டு அணியையும் ஒரே மைதானத்தில் இறக்கியதைப் பற்றிய பேச்சு அது. பட்டதாரிகளுக்கு வேலை இல்லை, வேலைக்கு ஆள் இல்லை என்று செய்தி வரும்போது 'ஸ்கில்ஸ் மிஸ்மெட்ச்' என்ற சொல் வரும். படித்ததற்கும் கேட்கும் திறனுக்கும் சேராத நிலை. இங்கேயும் பிள்ளைகள் முட்டாள்கள் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் நம் ஊரில் அப்படித்தான் காதில் வாங்கிக்கொள்கிறார்கள்.

உயிரியல் படிக்கும் மாணவர்கள் உங்களிடம் இருந்தால் இதையும் சொல்லுங்கள். மரபணுவில் அடினின் தைமினோடும், குவானின் சைட்டோசினோடும்தான் சோடி சேர வேண்டும். பிரதி எடுக்கும்போது எப்போதாவது தவறான சோடி விழுந்துவிடும். அதற்கும் பெயர் மிஸ்மெட்ச்தான். அதைக் கண்டுபிடித்துத் திருத்தும் ஏற்பாடு செல்லுக்குள்ளேயே இருக்கிறது: மிஸ்மெட்ச் ரிப்பேர். அது எப்படி நடக்கிறது என்று காட்டியதற்காகத்தான் போல் மொட்ரிச் 2015இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசை இன்னும் இருவரோடு பகிர்ந்துகொண்டார்.

சரி, அத்தையிடம் வருவோம். நான் மொழிபெயர்ப்பாளன், கல்யாணப் புரோக்கர் இல்லை. சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

'இட்ஸ் எ மிஸ்மெட்ச்' என்பது இலக்கணப்படி சரியான வாக்கியம். திட்டும் அல்ல. கணவன் மனைவியை ஆங்கிலத்தில் 'எ மிஸ்மெட்ச்ட் கபிள்' என்று சொல்வது வழக்கம்தான். சொல்லளவில் அது இருவரில் யாரையும் தாழ்த்துவதில்லை. மேல், கீழ் என்று பார்த்துச் சொல்லும் சொல் ஆங்கிலத்தில் வேறு இருக்கிறது. பிரெஞ்சிலிருந்து வந்த 'மெசாலியான்ஸ்'. தன் அந்தஸ்துக்குக் கீழே போய்ச் சம்பந்தம் வைத்துக்கொள்வது என்று அதற்கு அர்த்தம். 'மிஸ்அலையன்ஸ்' என்றும் சொல்வார்கள். அத்தை மனதில் இருந்தது இதுவாக இருந்தால், கொஞ்சம் மெத்தென்ற சொல்லைத் தேடி எடுத்திருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

நம் மொழிக்கும் இந்தச் சமாச்சாரம் புதிதில்லை. தொல்காப்பியம் அகத்திணையை ஏழாகப் பிரிக்கிறது. குறிஞ்சி முதலிய ஐந்தையும் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். ஒரு ஓரத்தில் கைக்கிளை, அது ஒருதலைக் காதல். மற்ற ஓரத்தில் பெருந்திணை, அதைப் பொருந்தாக் காமம் என்று விளக்குவார்கள். கவனிக்க வேண்டியது, அங்கே பொதுவாகப் 'பொருந்தாது' என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. காதலை ஊரறியச் சொல்லிப் பனைமடல் குதிரையில் ஏறும் மடல் ஏறுவது, வயது ஒவ்வாமை, தெளிவிழந்த காமம், வலிந்து கொள்வது என்று எதனால் பொருந்தவில்லை என்பதையும் பெயர் சொல்லியே அடுக்குகிறது. இந்த நாலில் உத்தியோகத்தையும் சம்பளத்தையும் காணோம்.

ஜோசியரும் அப்படித்தான். ஜாதகத்தைக் கையில் கொடுத்தால் தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை என்று பத்தையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். இது இருக்கிறது, அது இல்லை என்று விரல் மடக்கிச் சொல்கிறார். பத்துக்குப் பத்து வேண்டும் என்று அவர் அடம்பிடித்தால் மலையகத்தில் பாதி வீடுகளில் அடுப்பெரியாது. நான் ஜாதகத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. பொருத்தத்தை எண்ணிச் சொல்கிற பழக்கம் நமக்கு இருக்கும்போது, பொருந்தாததை மட்டும் ஏன் மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று கேட்கிறேன்.

அதனால் அத்தையிடமும் பிட்வீனைக் கேளுங்கள். சண்டைக்குப் போகிற மாதிரி இல்லாமல், தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "எதுக்கும் எதுக்கும் அத்தை பொருந்தல?" என்று கேளுங்கள். படத்தைப் பார்த்துச் சொன்னவர் அவர். படத்தில் தெரிவது உயரம், நிறம், தலைமயிர். உயரம்தான் என்றால் அதைச் சிரித்துக்கொண்டே பேசி முடித்துவிடலாம். படிப்பு என்றால், மாப்பிள்ளை என்ன தொழிற்பயிற்சி முடித்திருக்கிறார், மேலே படிக்க எண்ணம் உண்டா என்று கேட்டுச் சொல்லலாம். சம்பளம் என்றால் அதற்கு ஒரு தொகை உண்டு, தொகையை வைத்துக்கொண்டு பேசலாம். தொழிற்சாலை இரவு வேலைக்கும் உங்கள் காலைப் பள்ளிக்கூடத்துக்கும் நேரம் ஒத்துவராது என்று அவர் நினைத்திருந்தால், உண்மையில் அது நல்ல கேள்வி. நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டியதுதான். லயத்துப் பையன் என்பதுதான் காரணம் என்றால், அத்தை அதை வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார். வத்தளைக்குப் போகுமுன் அவரும் எந்தத் தோட்டத்தில் பிறந்தார் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

கேட்ட பிறகு அவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைத் தீர்மானிக்கிற ஆள் நான் இல்லை. பின்பாதி இல்லாத ஒரு ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு வீடு முழுக்க மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு இருப்பது மட்டும் வேண்டாம்.

அம்மாவின் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். சேமலாப நிதியைக் கேட்கும் விண்ணப்பமான கே படிவத்திலும் இணைக்கும் எல்லாவற்றிலும் ஒரு ஃபோட்டோப் பிரதி உங்களிடம் இருக்கட்டும். சத்தியக் கடதாசியில் இரண்டு பெயரையும் எழுதும்போது தட்டச்சுக்காரர் ஒன்றைத் 'திருத்தி' இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுவார், அதைக் கவனியுங்கள். பிறகு அந்தக் கடதாசியால் பிரயோசனமில்லை. உங்களுடைய கல்யாணம் முடிவானால், பதிவாளர் நீட்டும் புத்தகத்தில் கையெழுத்துப் போடுமுன் இருவர் பெயரையும் அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து வாசித்துப் பாருங்கள். ஃபோட்டோக்காரர் அவசரப்படுத்துவார், நிற்கச் சொல்லுங்கள்.